ட்ரையரில் சிக்கிய சட்டை

1

தீபாவளிக்கு மறுநாள் எங்கள் வீட்டு ட்ரையர் நின்றுபோனது.

ஊரில் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் ஒரு விளக்கம். துவைத்துப் பிழிந்த துணியைப் பெரிய தகர உருளைக்குள் போட்டுக் கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினால், உருளை சுற்றும், உள்ளே சூடான காற்று வீசும். சமையல் முடிவதற்குள் துணி காய்ந்துவிடும். கனடாவில் நாங்கள் இருக்கும் எட்மன்டனில் வருடத்தில் பாதி நாள் வெளியே கொடி கட்ட முடியாது. கட்டினால் சட்டை பலகை மாதிரி விறைத்து நிற்கும். அதனால் இங்கே ட்ரையர் ஆடம்பரம் இல்லை, அடுப்பு மாதிரி ஒரு சாமான்.

அன்று காலை வெளியே முதல் பனி விழுந்து கிடந்தது. நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன். ரப்பர் கருகும் வாசனை வந்தது. பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் போனபோது அப்பா எந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மங்கி கேப், ஸ்வெட்டர், அதன் கீழே வேட்டி. அவருடைய குளிர்கால உடை அதுதான்.

"சுத்த மாட்டேங்குது. உறுமிக்கிட்டே இருக்கு" என்றார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு சட்டை. இளம்பச்சை, முழுக்கை, புதுசு. காலரின் உள்பக்கம் மஞ்சள் தடவிய புள்ளி துவைத்த பிறகும் போகாமல் இருந்தது. ஒரு கை மட்டும் உள்ளே இல்லை. உருளையின் விளிம்புக்கும் முன்பக்கத் தகரத்துக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் அது தோள்பட்டை வரைக்கும் போயிருந்தது. இழுத்துப் பார்த்தேன். தையல் முறுமுறுத்தது. விட்டுவிட்டேன்.

என் மகள் கயல் படியில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். கல்லூரியில் முதல் வருடம். தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போது பாதி வழியில் ஆங்கிலத்துக்கு இறங்கிவிடுவாள்.

"ஸ்லீவைக் கட் பண்ணிட்டா வந்துடும்ல? ஸிஸர்ஸ் எடுத்துட்டு வரவா? எப்படியும் யாரும் போடப் போறதில்லையே."

அப்பா சட்டையின் காலரை விரலால் நீவிவிட்டார்.

"யாரும் போடப் போறதில்லைன்னு உனக்கு யாரு கயலு சொன்னா?" என்றார் அப்பா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மாடிக்குப் போய்விட்டாள்.

அந்த வார இறுதியில் அப்பா ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அந்தச் சட்டைக்கு உரியவன், அதாவது என் தம்பி முரளி, உயிரோடு இல்லை என்று கருதலாம் என்பதற்கான கையெழுத்து. போடுவார் என்றோ மாட்டார் என்றோ அதுவரை அவர் சொல்லவில்லை. 'பாக்கலாம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

2

நாங்கள் ஸ்ரீரங்கத்துக்காரர்கள். அடையவளஞ்சான் தெருவில் வீடு. அப்பா மின்வாரியத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அந்த நாட்களில் ஒரு தமிழ் நாளிதழின் திருச்சிப் பதிப்பில் உதவி ஆசிரியர். ராத்திரி முழுக்க வேலை, விடிந்து வந்து படுத்தால் மதியம்தான் எழுந்திருப்பேன்.

முரளி என்னைவிட இரண்டு வயது சின்னவன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, அரியமங்கலம் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்கும் இன்னொரு பட்டறைக்கும் நடுவே வேலை தேடிக்கொண்டிருந்தான். ஆடி மாதம், ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருந்த வாரத்தில் ஒருநாள் காலையில் வெளியே போனவன் திரும்பி வரவில்லை.

சண்டை எதுவும் இல்லை. கடிதம் எதுவும் வைக்கவில்லை. காதல், கடன் என்று போலீஸ் ஸ்டேஷனில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எங்களிடம் பதில் இல்லை. அவன் கிளம்பியதை வீட்டில் யாரும் பார்க்கவில்லை. அப்பா ஆபீஸ் போயிருந்தார், அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள், நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன டிரஸ் போட்டிருந்தாரு?" என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். அம்மா வீட்டுக்கு வந்து மொட்டை மாடிக்குப் போய்க் கொடியைப் பார்த்தாள். முதல் நாள் காயப்போட்ட அவனுடைய துணிகளில் ஒன்றைக் காணவில்லை. வெள்ளையில் நீலக்கோடு போட்ட சட்டை. அதைத்தான் எடுத்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான் என்றாள்.

'காணவில்லை' அறிவிப்பை நான்தான் எழுதினேன். அதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: பெயர், வயது, உயரம், நிறம், கடைசியாக அணிந்திருந்த உடை. அந்த மாதிரி எத்தனையோ அறிவிப்புகளைத் திருத்தி அனுப்பியவன் என்பதால் கை தானாக எழுதியது. வெள்ளை நிறத்தில் நீலக் கோடுகள் போட்ட சட்டை, கறுப்பு நிற பேன்ட். எங்கள் பத்திரிகையிலேயே வந்தது. புரூஃப் பார்த்தேன். பிழை இல்லை.

3

அடுத்த சில வாரங்கள் அடையாளம் தெரியாத ஆண் சடலம் பற்றி எந்த நிருபர் செய்தி கொடுத்தாலும் அது முதலில் என் மேஜைக்கு வந்தது. யாரும் அப்படி ஏற்பாடு செய்யவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் சத்தமில்லாமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். வயதைப் பார்ப்பேன், பிறகு உடையைப் பார்ப்பேன். வேட்டி, லுங்கி, கட்டம் போட்ட சட்டை, காக்கி. தலைப்புப் போட்டுக் கீழே அச்சுக்கு அனுப்பிவிடுவேன்.

கல்லணைப் பக்கம் ஒன்று ஒதுங்கியபோது போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து சொன்னார். நானும் அப்பாவும் ஸ்கூட்டரில் அரசு மருத்துவமனைக்குப் போனோம். தண்ணீரில் பல நாள் கிடந்தது என்றார்கள். உள்ளே ஒருவர் மட்டும் வரலாம் என்றதும் அப்பா போனார். நான் வாசலில் போலீஸ்காரரிடம் விவரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா சீக்கிரமே வெளியே வந்துவிட்டார்.

"இல்ல. சட்டை வேற" என்றார்.

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். வரும் வழியில் அப்பா காவிரிப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இளநீர் வாங்கிக் கொடுத்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடத் தீபாவளிக்கு வீட்டில் யாருக்கும் துணி எடுக்கும் எண்ணமே இல்லை. ஆனால் இரண்டு நாள் முன்னால் அப்பா சின்னக் கடைவீதிக்குப் போய்விட்டு ஒரே ஒரு சட்டையோடு வந்தார். அது முரளிக்கு. விடியற்காலையில் காலரில் மஞ்சள் வைத்து, சாமி முன்னால் மனையில் வைத்தார். பிறகு அவன் நாற்காலியில் மாட்டினார். நாள் முழுக்க அது அங்கே இருந்தது. வந்தவர்கள் யாரும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. மறுநாள் அழுக்குக் கூடையில் போட்டார். போட்டுக்கொண்ட துணியைத் துவைக்கத்தானே வேண்டும் என்பது போல. அம்மா துவைத்துக் காயப்போட்டாள், காய்ந்ததும் அப்பா அதை ஒரு சூட்கேஸில் மடித்து வைத்தார். பிள்ளை வருவான் என்ற நம்பிக்கையில் செய்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான்.

பிறகு ஒரு தீபாவளிகூடத் தப்பவில்லை. நான் கனடாவுக்கு வந்தேன். அம்மா இறந்துபோனாள். அப்பாவைத் தனியாக விட முடியாமல் இங்கே அழைத்து வந்தேன். இங்கும் ஒவ்வொரு தீபாவளிக்கும் மால் ஒன்றுக்கு அழைத்துப் போகச் சொல்வார். சட்டைகளைத் தடவிப் பார்ப்பார், நூல் சரியில்லை என்பார், கடைசியில் ஒன்றை எடுப்பார். அளவு கேட்கும்போது என் தோளைப் பார்ப்பார். எனக்கு வயிறு போட்ட வருடம் முரளியின் சட்டையும் ஒரு சைஸ் ஏறியது.

"அவன் எப்பவுமே உன்னைவிட ஒரு சைஸ் கம்மி" என்றார், கடைக்காரப் பெண் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது.

என் கழுத்துக்கும் வயிற்றுக்கும் பின்னால் இன்னொருவன் வயதாகிக்கொண்டு வருகிறான் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு கண்ணாடி முன்னால் சட்டை போடும்போது சில நாட்கள் பொத்தானை நிதானமாகப் போட்டிருக்கிறேன்.

இந்த வருடச் சட்டை ட்ரையரில் தனியாகப் போனதற்கும் காரணம் அந்த மஞ்சள்தான். போன வருடம் கயலுடைய வெள்ளை டாப்ஸில் அது ஒட்டிக்கொண்டதற்கு அவள் ஒரு நாள் முழுக்க முணுமுணுத்தாள். அதனால் அப்பா இந்த முறை அதை மட்டும் தனியாகப் போட்டிருக்கிறார். மூட்டையாகத் துணி இருந்தால் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு சுற்றும். ஒற்றைத் துணி விளிம்பில் உரசி உரசி இடுக்கைக் கண்டுபிடித்துவிடும். பழைய எந்திரம், இடுக்கை மூடும் கம்பளிப் பட்டை தேய்ந்திருந்தது.

4

கையெழுத்து விஷயம் இதுதான். ஸ்ரீரங்கத்து வீடு அம்மா பெயரில் இருந்தது. அவளுக்குப் பிறகு அப்பா, நான், முரளி என்று மூன்று பேருக்கு. பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. மாடிச் சுவர் தெருப் பக்கம் சாய்ந்துவிட்டது. இடிக்கவோ கட்டவோ விற்கவோ மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது ஆள் ஏழு வருடங்களுக்கு மேல் தகவல் இல்லாதவன் என்று அவனைத் தேடக் கூடியவர்கள் சத்தியம் செய்து சொன்னால், இறந்ததாகக் கருதலாம் என்று நீதிமன்றம் சொல்லும். அந்தச் சத்தியத்தை அப்பா இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் செய்ய வேண்டும். சனிக்கிழமை எங்கள் ஊரில் தூதரக முகாம்.

வழக்கை நடத்துவது என் அத்தை மகன் பாஸ்கர். கே.கே. நகரில் இருக்கிறான், வக்கீல். ட்ரையர் நின்ற அன்று சாயங்காலம் வீடியோவில் வந்தான்.

"மாப்ள, மாமா போடுவாரா மாட்டாரா, அதைச் சொல்லு. எங்க ஜட்ஜம்மா மாறிப் போறதுக்குள்ள நான் கேஸை உள்ள தள்ளணும்."

"நீயே கேளு" என்று போனை அப்பாவிடம் கொடுத்தேன்.

"என்னடா வக்கீலு, வீட்டை இடிக்க அவ்வளவு அவசரமா உனக்கு?"

"நான் எங்க மாமா இடிக்கறேன், அதுவா விழுந்துக்கிட்டிருக்கு. தெருவுல போறவன் தலையில செங்கல் விழுந்துச்சுன்னா உங்களைத் தேடிக்கிட்டு போலீஸ் கனடாவுக்கு வரும்."

"வரட்டும். அவனைத் தேடித்தான் எங்கயும் போகல. என்னையாவது தேடட்டும்."

பாஸ்கர் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மாமா, நீங்க ஒண்ணும் அவன் செத்துட்டான்னு சொல்ல வேணாம். தகவல் இல்லைன்னு மட்டும் சொன்னாப் போதும். மத்ததைக் கோர்ட்டு சொல்லிக்கும்" என்றான்.

"அதான்டா கஷ்டம்" என்று போனை என்னிடம் நீட்டினார் அப்பா. எது கஷ்டம் என்று நான் கேட்கவில்லை. சட்டை எப்போது வெளியே வரும் என்று அவர் என்னைக் கேட்டார்.

5

ரிப்பேர் ஆளுக்குப் போன் செய்தால் அடுத்த வாரம்தான் என்றார்கள். நானே செய்வதென்று முடிவு செய்தேன். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் யாராவது வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். உருளை சிக்கியபோதும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் அதைச் சுற்றும் ரப்பர் பெல்ட் தேய்ந்து அறுந்திருக்கும் என்று புரிந்தது. கதவுக்குள் ஒட்டியிருந்த மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனேன்.

கவுன்டரில் இருந்தவர் பேச்சுப் பிரியர். எப்படி அறுந்தது என்று கேட்டார். என் தம்பியின் சட்டை சிக்கிக்கொண்டது என்றேன்.

உங்கள் தம்பி கோபப்பட்டிருப்பாரே என்றார்.

இல்லை, அவன் ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

நல்ல தம்பி என்று சொல்லி மீதிச் சில்லறையைக் கொடுத்தார். காரில் உட்கார்ந்த பிறகு சிறிது நேரம் சாவியைத் திருப்பவில்லை. இந்த நாட்டுக்கு வந்ததில் இருந்து முரளியைப் பற்றி ஒரு வெளியாளிடம் நான் பேசியது அதுதான் முதல் முறை.

மறுநாள் காலை நானும் அப்பாவும் வேலையில் இறங்கினோம். எந்திரத்தைச் சுவரிலிருந்து நகர்த்தி, காற்றுக் குழாயைக் கழற்றினேன். மேல் மூடியின் இரண்டு மூலையிலும் தட்டையான இரும்பை நுழைத்து நெம்பினால் காரின் பானெட் மாதிரி திறந்துகொள்கிறது. உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு. எங்கள் துணிகளிலிருந்து உதிர்ந்தது. என் பேன்ட், கயலின் போர்வை, என் மனைவி ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போட்டுப் போகும் நீல உடை, எல்லாம் சேர்ந்து ஒரே நிறமாகியிருந்தது. அதன் நடுவே அறுந்த பெல்ட் செத்த பாம்பு மாதிரி கிடந்தது.

"தொடாதே, ஷாக் அடிக்கப் போவுது" என்றார் அப்பா.

"பிளக்கைப் பிடுங்கியாச்சுப்பா."

"நானும் ஈ.பி.யில இருந்தவன்தான். பிடுங்கியாச்சுன்னு சொன்னவனையெல்லாம் பாத்திருக்கேன்."

எழுந்து போய் பிளக்கைக் காட்டினேன். சரி என்று டார்ச்சை மறுபடி பிடித்தார்.

சட்டைக்கை எந்தப் பக்கம் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க, பின்பக்கம் போய் மேலிருந்து தலையை உள்ளே நுழைத்தேன். உருளையைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னோக்கித் திருப்ப வேண்டும். முன்பக்கம் கதவு வழியே அப்பா சட்டையின் உடம்பைப் பிடித்துக்கொண்டு, தளரும்போது இழுக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் நடுவே உருளை. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் என் முகம் தெரியாது.

"ரவி."

"சொல்லுங்கப்பா."

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் மொகத்தைப் பாக்கல."

தகரத்துக்குள் அவர் குரல் வேறு யாருடையதோ போல வந்தது. நான் கையை எடுக்கவில்லை.

"சட்டையைத்தான் பாத்தேன். காபிக் கலர். அவன்கிட்ட காபிக் கலர்ல சட்டையே கெடையாது. உங்கம்மா வேற கோடு போட்ட சட்டைன்னு சொல்லியிருந்தா. மொகத்து மேல இருந்த துணியை எடுக்கறேன்னு அந்த ஆளு சொன்னான். வேணாம்ப்பான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"சட்டை வேறன்னா ஆளும் வேறதானேப்பா."

"கோடு போட்ட சட்டை கெடைச்சுது."

உருளையைத் திருப்புவதை நிறுத்தினேன்.

"எங்க?"

"பின்பக்கத்து வீட்டு சன்ஷேடுல. மழைக்கு முன்னாடி எலை அடைச்சிருக்குன்னு நான் ஏறலையா, அப்ப. ஆடிக் காத்துல பறந்து போயி விழுந்திருக்கு. கிளிப்போட கெடந்துது."

அம்மாவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"சொன்னா அவ என்ன கேப்பான்னு எனக்குத் தெரியும். அப்ப மொகத்தைப் பாத்தீங்களான்னுதான் கேப்பா."

"சட்டையை என்ன பண்ணினீங்க?"

"கொள்ளிடத்துல விட்டுட்டேன்."

இறந்துபோனவர்களின் துணியை ஆற்றில் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதை அவர் தனியாகப் போய்ச் செய்திருக்கிறார். பிறகு கடைவீதிக்குப் போய்ப் புதுச் சட்டை எடுத்திருக்கிறார். முதல் சட்டை வந்தது அந்தத் தீபாவளிக்குத்தான். இந்த வரிசையை அத்தனை வருடங்களில் நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

"அப்புறம் எதுக்குப்பா வருஷா வருஷம் எடுத்தீங்க?"

 டார்ச் வெளிச்சம் மட்டும் உருளைக்குள் அசைந்தது.

"என்ன போட்டிருந்தான்னு தெரியாமப் போச்சு. இதுவாவது தெரிஞ்சிருக்கட்டும்னுதான்" என்றார். பிறகு, "சுத்து. மெதுவா. கை வருது" என்றார்.

சுற்றினேன். சட்டை வெளியே வந்தது.

6

இதை நான் செய்தியாக எழுத நேர்ந்தால் ஒரு பத்திகூட நிற்காது. காபிக் கலர் சட்டை ஊரில் ஆயிரம் பேரிடம் இருக்கும். அந்த வயதுப் பையன்கள் ஒருவர் சட்டையை ஒருவர் மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். கல்லணையில் ஒதுங்கியவன் வேறு யாருடைய பிள்ளையாகவோ இருக்கலாம். அவனை அடையாளம் தெரியாதவர் என்று புதைத்துவிட்டார்கள். அது எந்த இடம் என்று இப்போது யாருக்கும் தெரியாது. முரளி அவன்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை. இல்லை என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம் கொடியில் இல்லாமல் போன சட்டை. அதுவும் அந்த வருட ஐப்பசியிலேயே போய்விட்டது. நான் மட்டும் அதை இத்தனை வருடமும் வைத்துக்கொண்டிருந்தேன்.

முன்பக்கத் தகரத்தைக் கழற்றி, உருளையை நிமிர்த்தி, புது பெல்ட்டை அதன் இடுப்பில் மாட்டினேன். கீழே மோட்டார் சக்கரத்துக்கும் ஒரு சின்னக் கப்பிக்கும் நடுவே அதை வளைத்துக் கோர்ப்பதுதான் கஷ்டம். மூன்று முறை நழுவியது.  தேய்ந்த கம்பளிப் பட்டைக்குப் பதில் புதியதை ஒட்டினேன். பஞ்சு முழுவதையும் வாக்குவம் வைத்து எடுத்தேன். மூடியைச் சாத்தி, பிளக்கைச் செருகிப் பொத்தானை அழுத்தியதும் உருளை சுற்றியது.

அப்பா தொட்டியில் சட்டைக்கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தோளிலிருந்து மணிக்கட்டு வரை ரப்பர் கறை கறுப்பாக ஏறியிருந்தது. கொஞ்சம் மங்கியது, முழுக்கப் போகவில்லை. கிழியவில்லை. பிழிந்துவிட்டுக் கயலைக் கூப்பிட்டார்.

"உன் அழுக்குத் துணியெல்லாம் துவைச்சாச்சா?"

"வாஷர்ல இருக்கு தாத்தா."

"எடுத்துப் போடு. எல்லாருதும் சேந்து காயட்டும். தனியாப் போட்டாத்தான் சிக்குதாம்."

அவள் ஈரத் துணிகளை அள்ளி ட்ரையரில் போட்டாள். அவர் சட்டையை நடுவில் செருகினார். அவள் அதன் காலரில் இருந்த மஞ்சளைப் பார்த்தாள், தன் வெள்ளை டீஷர்ட்டைப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள். கண்ணாடி வட்டத்துக்குள் எங்கள் துணிகள் எழுந்து எழுந்து விழுந்தன. இளம்பச்சைக் கை ஒன்று அடிக்கடி மேலே வந்து போனது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சித்தப்பா எப்படி இருப்பாரு?" என்று கேட்டாள் கயல்.

அவரை ஒரு ஆளாக அவள் கேட்டது அன்றுதான். சூட்கேஸில் இருக்கும் சட்டைகளாகத்தான் அதுவரை அவளுக்கு அவர் தெரியும். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்பா படியேறிப் போய்விட்டார்.

7

முகாம் ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்தது. பாஸ்போர்ட் புதுப்பிக்க வந்தவர்கள், ஓய்வூதியக்காரர்கள், அழும் குழந்தைகள். போட்டோ அளவு தப்பு என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள். நகல் எடுக்கும் எந்திரம் அடிக்கடி நின்றது. டோக்கன் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருந்தோம். அப்பா கோட்டுக்குள் கை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போடுவாரா என்று நான் கேட்கவில்லை. 

எங்கள் முறை வந்தபோது மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மையார் அப்பாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினார். மதுரைப் பக்கத்துக்காரர்.

"படிச்சுப் பாத்துட்டீங்களா ஐயா?"

"படிச்சேம்மா. ஒரு வரி தப்பு."

பாஸ்கர் பழைய போலீஸ் புகாரிலிருந்து விவரங்களைச் சத்தியப் பத்திரத்தில் அப்படியே இறக்கியிருந்தான். அந்தப் புகாரை அந்த நாளில் எழுதிக் கொடுத்தவனும் நான்தான். 'வீட்டை விட்டுப் போனபோது வெள்ளை நிறத்தில் நீலக் கோடுகள் போட்ட சட்டை அணிந்திருந்தார்.' அப்பா பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். ஆபீஸில் அடித்துத் திருத்திப் பழகிய கை. நேர்கோடு.

"அப்ப என்ன போட்டிருந்தாருன்னு எழுதிடலாங்களா?"

"தெரியாதுன்னு எழுதுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். "அப்படிப் போட்டா அங்க கோர்ட்டுல கேப்பாங்களே?"

"கேக்கட்டும். எனக்குத் தெரியாது. எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது."

திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடச் சொன்னார். அப்பா போட்டார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பெயருக்கு மேலே முழுக் கையெழுத்தும் போட்டார். தமிழில், இனிஷியலோடு. மை காயும் வரை ஒரு விரலைத் தாளின் ஓரத்தில் வைத்திருந்தார்.

அந்த அம்மையார் முத்திரையை எடுத்தார். பிறகு என்ன தோன்றியதோ, அதைக் கீழே வைத்தார்.

"உடுப்பை எடுத்துட்டீங்க. வேற ஏதாச்சும் அடையாளம் இருந்தாச் சொல்லுங்க ஐயா, ஓரத்துல சேத்துக்கலாம்."

அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எடது புருவத்துல தழும்பு இருக்கும்மா. சைக்கிள்ல விழுந்தது. அந்த எடத்துல முடி மொளைக்காது."

அவர் எழுதிக்கொண்டார். எங்களுக்குப் பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள்.

"மூக்கு எங்க வீட்டு மூக்கு இல்ல, அவங்க அம்மா மூக்கு. கண்ணு கொஞ்சம் உள்ள போனாப்ல இருக்கும். வெயில்ல நின்னா அந்தப் பக்கக் கண்ணு மட்டும் சுருங்கும். மேல்பல்லு ரெண்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும், அதனால சிரிக்கறப்ப வாயை மூடிக்குவான். மீசை சரியா வரல. வந்த வரைக்கும் வெச்சிருந்தான். நான் கேலி பண்ணுவேன்."

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார். அப்பா நிறுத்தவில்லை. நெற்றி, காது, தாடையில் சவரம் செய்யும்போது அடிக்கடி வெட்டிக்கொள்ளும் இடம் என்று ஒவ்வொன்றாக அவரிடம் சொல்லிக்கொண்டே போனார்.